கேள்வி பதில்: துப்பாயும் மூங்கில் அணத்தானும்

கேள்வி: மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் நாம் பார்க்கும் நீண்டவால் குரங்கின் பெயரைப் புத்தகத்தில் ‘மக்காக்கா ஃபாசிகுலாரிஸ் (ராஃபிள்ஸ், 1821)’ என்று போட்டிருக்கிறார்கள். நம் ராஃபிள்ஸ்தானா? அவரை ஏன் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறார்கள்?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நம் ராஃபிள்ஸ்தான். சிங்கப்பூரில் 1819இல் கொடி நட்டவர், அந்தக் காலத்தில் சுமத்ராவின் பென்கூலனில் அதிகாரியாக இருந்தார். அங்கே சேகரித்த விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை லண்டன் லின்னேயன் சங்கம் 1821இல் வெளியிட்டது. இந்தக் குரங்கு அதில் வருகிறது. ஆனால் அவர் வைத்த பெயர் ‘சிமியா ஃபாசிகுலாரிஸ்’.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். ‘சிமியா’ என்பது குரங்குகளையெல்லாம் மொத்தமாகப் போட்டு வைத்திருந்த பழைய பேரினம். பின்னால் அதைப் பிரித்தார்கள். நம் குரங்கு ‘மக்காக்கா’வுக்குப் போனது. புகுந்த வீடு மாறினாலும் பிறந்தபோது வைத்த பெயர் மாறாது என்பதுபோல, இரண்டாவது சொல் கூடவே போகும். “இவர் பெயர் வைத்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது” என்று சொல்வதுதான் அந்த அடைப்புக்குறியின் வேலை.

அடைப்புக்குறி இல்லாததற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. புக்கிட் தீமா ஓடையில் கண்டெடுத்த நன்னீர் நண்டு ‘ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ் இங், 1986’. பெயர் வைத்தவர் சிங்கப்பூர் ஆய்வாளர் பீட்டர் இங். அன்று வைத்த பேரினத்திலேயே நண்டு இன்றும் இருக்கிறது. உலகில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இல்லாத நண்டு அது. பேரினப் பெயரில் ஜொகூர், சிற்றினப் பெயரில் சிங்கப்பூர்! ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் இரு கரையும் ஒரு சிறு நண்டின் பெயருக்குள் இருப்பதில் எனக்குத் தனிப் பிரியம்.

கேள்வி: குயிலுக்கு என் பழைய பறவைப் புத்தகத்தில் ‘ஸ்கோலோபேசியா’, மகள் வாங்கிய புதியதில் ‘ஸ்கோலோபேசியஸ்’. எது அச்சுப்பிழை?
வாசகர், அங் மோ கியோ

பதில்: இரண்டுமே பிழையில்லை. தமிழில் ‘நல்ல பையன்’, ‘நல்ல பெண்’ என்கிறோம். ‘நல்ல’ அப்படியே நிற்கிறது. லத்தீனில் அப்படி முடியாது. பெயர் ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்து அடைமொழியும் வால் மாற்றிக்கொள்ள வேண்டும். குயிலின் பேரினமான ‘யூடைனமிஸ்’ ஆண்பால் என்று முடிவானதும் இரண்டாவது சொல்லின் முடிவையும் திருத்தினார்கள். சிறுநகம் கொண்ட நீர்நாயின் பெயரும் இப்படித்தான் ‘சினெரியா’விலிருந்து ‘சினெரியஸ்’ ஆனது. பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாப் பெயரும் லத்தீன், கிரேக்கம். தமிழுக்கு அங்கே இடமே இல்லையா?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

இடம் உண்டு. விதி கேட்பது லத்தீன் எழுத்தை. சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். விலங்குப் பெயர்களுக்கான விதிகளைக் காப்பது 1895இல் தொடங்கிய ஓர் அனைத்துலக ஆணையம். அதன் செயலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில்! கெண்ட் ரிட்ஜுக்குப் பேருந்து ஏறினால் போய்விடலாம்.

சொல்லுக்கு வருகிறேன். நான் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவள். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரம். அதில் ஓடுவதையெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) ‘துப்பாய்’ என்பார். என் அம்மா ‘அணிப்பிள்ளை’ என்பார். அணில் என்று இருவரும் சுட்டியதில் ஒன்றுக்கு மட்டும் மூக்கு கூராக நீண்டிருக்கும். அது அணிலே இல்லை, மரமூஞ்சூறு என்பதை ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். கொறித்துண்ணி இனத்திலேயே அது சேராது. மரமூஞ்சூறுகளுக்கென்று தனி வரிசையே இருக்கிறது.

ஆனால் அதன் அறிவியல் பெயர் ‘துப்பாயா கிளிஸ்’. ‘துப்பாயா’ என்ற பேரினத்தை அதே 1821இல் வைத்தவரும் ராஃபிள்ஸ்தான். மாக்சிக் சொன்ன சொல்லேதான் அது, கடைசியில் ஓர் ‘ஆ’ மட்டும் கூடியிருக்கிறது.

தென்னிந்தியாவிலும் ஒரு மரமூஞ்சூறு வாழ்கிறது. அதைத் தமிழில் ‘மூங்கில் அணத்தான்’ என்றார்கள். மூங்கில் அணில் என்று பொருள். மார்கஸ் லயன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1913இல் அதற்கெனத் தனிப் பேரினம் அமைத்தபோது அந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்து ‘அணத்தானா’ என்று வைத்தார். முழுப்பெயர் ‘அணத்தானா எல்லியோட்டி’. எல்லியட் என்பவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அதிகாரி. அவர் பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது. முன்னால் நிற்பது காட்டோரம் வாழ்ந்த யாரோ ஒரு தமிழர் வாயிலிருந்து வந்த சொல்.

கடலுக்கு இந்தப் பக்கம் மலாய்க்காரரும் அந்தப் பக்கம் தமிழரும் ஒரே மாதிரி அதை அணில் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு நினைப்பும் உலக ஏடுகளில் ஏறிவிட்டன. ‘தவறான பெயர்தானே, மாற்றக் கூடாதா?’ என்பீர்கள். மாற்றமாட்டார்கள். பெயர் பொருத்தமில்லை என்பது அதை நீக்கக் காரணமாகாது. பாதங்களை வெட்டிவிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிய தோல்களைத்தான் அங்குள்ளவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் ஒரு சொர்க்கப் பறவைக்கு, இந்த இருசொல் பெயர்முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் ‘காலற்றது’ என்று பொருள்படும் ‘அப்போடா’வைச் சூட்டினார். கால் இருப்பது தெரிந்த பிறகும் அதே பெயர்தான். பெயர் நிலையாக இருந்தால்தான் இருநூறு ஆண்டுக்கு முந்தைய குறிப்பையும் இன்றைய ஆய்வையும் ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க முடியும்.

கேள்வி: டீச்சர், நான் புதுப் பூச்சி கண்டுபிடித்தால் என் பாட்டி பெயரை வைக்கலாமா?
தொடக்கநிலை ஐந்து மாணவன், ஈசூன்

பதில்: தாராளமாக வைக்கலாம், தம்பி. பெண் பெயர் என்றால் கடைசியில் ‘ஏ’ ஒலி சேரும். பாட்டி மீனாட்சி என்றால் ‘மீனாட்சியே’. ஆண் பெயருக்கு ‘இ’. உன் பெயரையே வைக்க விதியில் தடையில்லை. ஆனால் ஆய்வாளர்கள் அப்படிச் செய்வதில்லை.

அதற்கு முன் வேலை நிறைய இருக்கிறது. அதுபோல் இருக்கும் மற்றப் பூச்சிகளோடு ஒப்பிட்டு, இது வேறுதான் என்று காட்ட வேண்டும். ஒரே ஒரு பூச்சியை ‘மூலமாதிரி’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெயர் என்றென்றும் அதோடு கட்டுண்டது. நாளை யாருக்கேனும் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் எழுதி ஆய்விதழில் வெளியிட வேண்டும். வெளியிடாத பெயர் கணக்கில் வராது.

வனக் காப்பகங்களில் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்காதே. படம் எடு. எந்த இடம், என்ன தேதி, எந்த இலைமேல் இருந்தது என்று அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிடு. இடமும் தேதியும் இல்லாத பூச்சியை வைத்துக்கொண்டு எந்த அரும்பொருளகத்தாரும் அதிகம் எதுவும் செய்ய முடியாது.