மாமியார் பெட்டியும் உங்கள் கத்தரிக்கோலும்

கேள்வி: பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பழைய துணி நிரம்பி வழிகிறது. மாமியார் கல்யாணத்தில் கட்டிய கூறைநாட்டுப் புடவை, திருபுவனம் பட்டு இரண்டு, நிறையக் கைத்தறிப் புடவைகள், மாமனாரின் எட்டு முழ வேட்டிகள், கணவரின் சட்டைகள், ஜீன்ஸ், போதாததற்குச் சின்தடிக் புடவைகள். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தாலே பூஞ்சை நாற்றம் அடிக்கிறது. என்னிடம் ஒரு தையல் மிஷின் சும்மா கிடக்கிறது. நேர்த்தையல் போடுவேன், அதற்கு மேல் தெரியாது. 9 வயது மகள், பாட்டியின் பட்டில் பாவாடை வேண்டும் என்கிறாள். மாமியாரோ, "நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்காதே" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. பழைய துணியில் வேலை தொடங்குகிற பலர் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் முதலில் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போங்கள். விரித்துப் பிடித்தால் எங்கே இழை தேய்ந்திருக்கிறது, மடிப்பு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது கோடு கோடாகத் தெரியும். பிறகு ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்து, பாவு (நீள இழை) வாக்கில் ஒரு முறை, ஊடை (குறுக்கு இழை) வாக்கில் ஒரு முறை மெதுவாக இழுங்கள். தாங்கினால் அது தைக்கும் துணி. 'சர்' என்று விட்டுக்கொடுத்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதில் உடுப்பு தைக்காதீர்கள். நைந்த பட்டில் மிஷின் தையல் போடுவது தபால் தலைக்குத் துளையிடுவது போலத்தான்; தையல் போன வழியிலேயே கிழியும். எதை என்னவாகத் தைப்பது என்பதைத் துணியில் மிச்சமிருக்கும் பலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு புடவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தேய்வதில்லை. குதிகாலில் உரசும் கீழ்க்கரை, ஊக்கு குத்திய தோள் பகுதி, வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடித்து வைத்த கோடுகள், இவைதான் முதலில் போகும். கொசுவம் வைக்கும் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உங்களுக்கு வேண்டிய துணி அங்கேதான் இருக்கிறது.

கூறைநாட்டுப் புடவையை மட்டும் தொடாதீர்கள். மாமியாரின் கல்யாணப் புடவை அது. அவராக எடுத்துக் கொடுத்தால் ஒழிய அது அவருடையது. துணிக் காரணமும் உண்டு. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டில் நெய்த அந்தக் காலத்துப் புடவைகள் பட்டும் பருத்தியும் கலந்தவை. நனைந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதை வெட்டித் தைத்துத் துவைத்தால் எங்கே சுருக்கம் விழும் என்று சொல்ல முடியாது. திருபுவனம் பட்டு வேறு கதை. அதில் கை வைக்குமுன் ஜரிகையைப் பாருங்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஓர் ஓர இழையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு தெரியும். அப்படிப்பட்ட புடவை முழுக்க நைந்திருந்தாலும் ஜரிகைக்கு விலை உண்டு. தெருவில் கூவி வாங்குகிறவரிடம் எடுத்த எடுப்பில் கொடுத்துவிடாமல், கும்பகோணத்தில் பழைய ஜரிகை வாங்கும் கடைகள் ஒன்றிரண்டில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நைந்த புடவை அந்தக் கடைக்கு, பலமான புடவை பாவாடைக்கு.

ஆனால் மிஷினில் முதலில் ஏற்ற வேண்டியது பட்டு அல்ல. மாமனாரின் வேட்டியை எடுங்கள். எட்டு முழம் என்பது 144 அங்குல நீளம், ஏறக்குறைய 50 அங்குல அகலம். 27க்கு 17 அங்குலத் தலையணைக்கு 64 அங்குல நீளம், 19 அங்குல அகலம் உள்ள ஒரே துண்டு போதும். அகலத்தில் இரண்டு, நீளத்தில் இரண்டு என்று ஒரு வேட்டியில் நான்கு உறை வரும். துண்டின் குறுகிய ஓரங்கள் இரண்டையும் மடித்து அடித்துவிட்டு, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி 28 அங்குலத்தில் மடியுங்கள். மிச்சமிருக்கும் 6 அங்குலத்தை மேலே கவிழ்த்து மடித்து, இரண்டு பக்கமும் நேர்த்தையல் போட்டுத் திருப்பினால் முடிந்தது. அந்த 6 அங்குலம் தலையணையை உள்ளே பிடித்துக்கொள்ளும். ஜிப் வேண்டாம், பொத்தான் வேண்டாம், காஜா வேண்டாம். நான்கு உறை தைத்து முடிக்கும்போது உங்கள் கை நேராக ஓடப் பழகியிருக்கும். பலமுறை துவைத்த வேட்டி இனிச் சுருங்காது என்பது இன்னொரு வசதி. புதுத் துணியாக இருந்தால் ஓர் இரவு நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். ரொம்பவும் நைந்த வேட்டிகளை வற்றல் பிழியவும் வடிகட்டவும் ஒதுக்கி வையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கூழ் வற்றல் போட அதைவிட நல்ல துணி கிடையாது.

கைத்தறிப் புடவைகளுக்கு நான் சொல்லப்போவது மாமியாருக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் வெட்டவே வேண்டியதில்லை. ஒரு புடவையைக் குறுக்கே இரண்டாக மடித்தால் சுமார் 9 அடி நீளம் வரும். இரண்டு புடவைகளை அப்படி மடித்து ஒன்றின் மேல் ஒன்று போட்டால் நான்கு அடுக்கு. ஒருவர் படுக்க நல்ல விரிப்பு, மார்கழிப் பனிக்குப் போர்வையும் அதுவே. தரையில் பாய் போட்டு அதன் மேல் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குமிழும். பிறகு இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு வரியாகக் கையால் ஓட்டுத்தையல். நைந்த இடங்களை உள் அடுக்கில் விட்டுவிடலாம். இந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள். மத்தியானத்தில் திண்ணையில் உட்கார்ந்து செய்ய ஏற்றது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருடைய ஓட்டுத்தையலின் நேர்த்தி நம் மிஷினுக்கு வராது. இந்த விரிப்பு முடிந்த பிறகு பட்டைப் பற்றிப் பேச்சை எடுங்கள். அப்போது வரும் பதில் வேறாக இருக்கலாம். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சம்மதித்தார் என்று வைத்துக்கொண்டு பாவாடைக்கு வருகிறேன். புடவையின் பெரிய வசதி அதன் கரைதான். அதுவே பாவாடையின் கீழ்விளிம்பாகிவிடுவதால் எம்மிங் வேலை இல்லை. குழந்தையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்துகொள்ளுங்கள். 30 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், தேயாத கரையின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 35 அங்குலத்தில் கோடு போட்டு வெட்ட வேண்டும். ஓர் அங்குலம் இடுப்புத் தையலுக்கு, 4 அங்குலம் டக் (குறுக்கு மடிப்பு) பிடிக்க. ஓர் அங்குல டக் ஒன்று 2 அங்குலத் துணியை விழுங்கும். ஆக இரண்டு டக். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம் என்பதால், டக்கை மிஷினில் அடிக்காமல் கரைக்குச் சற்று மேலே, அதே நிறப் பட்டு நூலில் கையால் போடுங்கள். பிரிப்பதும் சுலபம், ஊசித் தடமும் அவ்வளவாக நிற்காது. சுற்றளவுக்கு இரண்டரை மீட்டர் தாராளம். நான் சொன்ன அந்தக் கொசுவப் பகுதியிலிருந்து எடுங்கள். 47 அங்குல அகலப் புடவையில் மற்றக் கரையோடு 12 அங்குலத் துண்டு மிஞ்சும். அதைச் சுருட்டி வையுங்கள், பாவாடைச் சட்டையின் கைக்கு ஆகும்.

பட்டின் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்துகொண்டே போகும். அதனால் பக்கத் தையலை இரண்டு தடவையாகப் போட வேண்டும். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒன்று. பின்பு திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே அடங்கும்படி இன்னொன்று. டக்கை இதற்குப் பிறகு பிடியுங்கள். இடுப்புக்கு நாடா கோக்க வேண்டாம். கனமான பட்டுத் துணியை நாடாவில் இழுத்துக் கட்டினால் பிள்ளையின் இடுப்பில் தழும்பு விழும், ஓடி ஆடும்போது வழுக்கவும் செய்யும். அவளுக்கு இப்போது அளவாக இருக்கும் பருத்திச் சிம்மீஸ் ஒன்றை இடுப்புக்கு அரை அங்குலம் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். மிஷினில் தையல் நீளத்தை அதிகபட்சத்தில் வைத்துப் பாவாடையின் மேல் ஓரத்தில் இரண்டு வரி ஓட்டுங்கள். அடிநூல்கள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் சுருக்கு விழும். சிம்மீஸின் சுற்றளவு வரும்வரை இழுத்து, சுருக்கைச் சமமாகப் பரப்பி இரண்டையும் சேர்த்து அடித்தால் பாரம் தோளுக்குப் போய்விடும். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, அதுவும் புது ஊசி. மழுங்கிய ஊசி இழையைப் பிடித்து இழுத்துக் கோடு போட்டுவிடும். குண்டூசியைத் தையலுக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். இஸ்திரி உள்பக்கத்தில், மேலே ஒரு துணி போட்டு.

நல்ல இடத்திலும் ஓர் ஓட்டை, ஒரு கறை இருக்கத்தான் செய்யும். அதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. தேர்களிலும் கோயில் மண்டபங்களிலும் உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகளைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர்ப் பக்கத்துத் தையல்காரர்களின் கைவேலை அது. ஒரு நிறத் துணியின் மேல் வேறு நிறத் துணிகளைப் பூவாகவும் யாளியாகவும் வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். அதே முறையில் முந்தானையிலிருந்து ஒரு மாங்காயையோ மயிலையோ கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, ஓட்டையின் மேல் வைத்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். தள்ளித் தள்ளி மூன்று வைத்தால் வேலைப்பாடு என்பார்கள்.

ஜீன்ஸில் பை தைப்பது எல்லோரும் சொல்லும் யோசனைதான், தவறில்லை. 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். தடித்த மடிப்புகளைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் திருப்பி ஓட்டுங்கள். கைப்பிடிப் பட்டையைப் பையின் வாயில் மட்டும் தைக்காமல் அடிப்பாகத்தையும் சுற்றிக் கொண்டுவந்தால் அரிசியோ தேங்காயோ எதைப் போட்டாலும் தாங்கும். அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற துணிப்பை இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து விழாக்களில் துணிப்பைகளை வாரி வழங்குகிறார்கள். அவற்றில் பல இரண்டு சந்தைக்குக்கூடத் தாங்குவதில்லை. சட்டைகளில் உடம்புத் துணி நன்றாக இருந்து காலர் மட்டும் தேய்ந்திருந்தால், காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் போதும். முன்பெல்லாம் டெய்லர்கள் கேட்காமலே செய்து கொடுத்த வேலை. மத்தியான நேரத்தில் பிளேடும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம்.

பூஞ்சை நாற்றத்துக்கு: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டியைத் திறந்து துழாவ வேண்டாம். தை பிறந்து வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பருத்தி வெயிலில், பட்டு நிழலில். திரும்ப வைக்கும்போது பட்டை முன்பு மடித்த கோட்டில் மடிக்காமல் மாற்றி மடித்து, வேட்டித் துணியில் சுற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

சும்மா கிடந்த மிஷினுக்கு எண்ணெய் விட்ட அன்றே பட்டை அதில் ஏற்றிவிடாதீர்கள். கந்தல் துணியில் அரை மணி நேரம் ஓட்டி, எண்ணெய் படிவது நின்ற பிறகு தலையணை உறைக்குப் போகலாம். பாவாடைக்குச் சட்டை தைப்பதை மட்டும் டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். கழுத்து வளைவும் கைக்குழியும் நேர்த்தையலுக்கு அடங்காது, அந்தக் கூலி நியாயமான கூலி.

சின்தடிக் புடவைகளைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டாம். அவை வியர்வையை உறிஞ்சாது, விரிப்புக்கும் ஆகாது. பைகளுக்கு உள் துணியாக ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை வயலுக்கு அனுப்புங்கள். நாற்றங்காலைச் சுற்றிக் கட்ட எப்படியும் யாராவது கேட்டு வருவார்கள்.