சீனியர் பி.ஜி.ஏ. பட்டியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கோல்ஃப் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், 50 வயதைத் தாண்டியவர்கள் ஆடும் சீனியர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதைப் படித்துவிட்டு வெற்றியாளர் பட்டியலைத் தேடி எடுத்தேன். 1979, 1984 இரண்டு வருஷங்களுக்கும் இரண்டிரண்டு சாம்பியன்கள் இருக்கிறார்கள். 1983, 1985 காலி. அச்சுப்பிழையா?

அடுத்த விஷயம். சாம் ஸ்னீட், பாமர், நிக்லஸ் என்று பெரிய பெயர்கள் வரும்போதே நடுவில் டாம் வார்கோ, ரோஜர் சாப்மன், கோகி இடோகி என்று யாரென்றே தெரியாத பெயர்கள். பெரிய ஆட்டத்தில் ஒன்றும் சாதிக்காதவர்கள் 50 வயதுக்கு மேல் இங்கே வந்து சாம்பியன் ஆகிவிடுகிறார்கள். பழைய நடிகர்களைக் கூப்பிட்டு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஆறுதல் பரிசுதானே சார் இது? இல்லை என்றால், எந்த வருஷத்து ஆட்டத்தை நான் தேடிப் பார்க்க வேண்டும்?

ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

அச்சுப்பிழை இல்லை. பட்டியல் சரிதான், போட்டியின் தேதிதான் அங்கேயும் இங்கேயும் நகர்ந்தது. 1979 பிப்ரவரியில் ஜாக் ஃப்ளெக் ஜெயித்தார். பிறகு போட்டியை வருஷக் கடைசிக்குத் தள்ளினார்கள். அதனால் அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு முறை நடந்தது, டான் ஜனவரி ஜெயித்தார். (டிசம்பரில் ஜெயித்த ஜனவரி. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சிலேடையை விட்டிருக்க மாட்டார்கள்.) 1982 வரை டிசம்பரில் நடந்தது. மறுபடி வருஷத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தபோது 1983 விட்டுப்போனது. 1984 ஜனவரியில் பாமர், டிசம்பரில் பீட்டர் தாம்சன், அடுத்தது நேராக 1986. இவை தவிர 1939-லும், போர் நடந்த 1943, 44-லும், கொரோனா வந்த 2020-லும் போட்டி இல்லை.

ஆறுதல் பரிசு என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் ஒப்புமை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இந்தப் போட்டிக்கு அது பொருந்தாது. பழைய நட்சத்திரங்களுக்கு மாலை போடுவதற்காக ஆரம்பித்த போட்டி அல்ல இது. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. (ப்ரொஃபஷனல் கோல்ஃபர்ஸ் அசோசியேஷன்) என்பது 1916-ல் கிளப் ப்ரோக்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். கிளப் ப்ரோ என்றால் உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, கடையில் மட்டையும் பந்தும் விற்று, ஞாயிற்றுக்கிழமை யார் எத்தனை மணிக்கு ஆடுவது என்ற பஞ்சாயத்தையும் தீர்த்துவைக்கிறவர். ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர்கள் அந்தச் சங்கத்தில் ஒரு பிரிவாகத்தான் இருந்தார்கள். 1968-ல் அவர்கள் பிரிந்து போய்த்தான் இன்று நாம் டிவியில் பார்க்கும் டூர் உருவானது. சீனியர் போட்டி பழைய சங்கத்தோடேயே தங்கிவிட்டது. யாரென்றே தெரியாத பெயர்கள் என்கிறீர்கள், போட்டி தொடங்கியதே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

முதல் போட்டி 1937-ல் அகஸ்டா நேஷனல் கிளப்பில் நடந்தது. அங்கே நடக்கும் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கிளப்பை நிறுவிய பாபி ஜோன்ஸ் இடம் கொடுத்தார். கோப்பையைக் கொடுத்தவர் ஆல்ஃபிரட் போர்ன் என்ற கிளப் உறுப்பினர். நம் வீட்டுத் திண்ணைகளில் ஓடிய சிங்கர் தையல் மெஷின் இருக்கிறதே, அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரின் மகன். கோப்பைக்கு இன்றும் அவர் பெயர்தான். முதல் வருஷம் ஜாக் ஹட்சிசன் எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார் (பந்தை ஒரு முறை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக், குறைவாக அடித்து முடிப்பவருக்கே வெற்றி). ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர், 1921-ல் அதே ஊரில் ஓப்பன் என்ற பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தவர். அடுத்த வருஷம் ஃப்ரெட் மெக்லியோட், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1908-ல் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தபோது அவருடைய எடை 108 பவுண்டு, அதாவது 49 கிலோ. மாஸ்டர்ஸில் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைக்க மூத்த ஆட்டக்காரர்களை அழைக்கும் வழக்கம் இன்றைக்கும் உண்டு அல்லவா? 1963-ல் அந்தக் கௌரவம் முதலில் போனது இவர்கள் இருவருக்கும்தான்.

ஹட்சிசனை அதோடு விட்டுவிடாதீர்கள். 1937-க்குப் பிறகு ப்ளே-ஆஃப் வரை, அதாவது சமநிலையில் முடிந்தால் கூடுதலாக ஆடும் ஆட்டம் வரை, போய்த் தோற்ற வருஷங்கள் அவருக்கு உண்டு. 1947-ல் 62 வயதில் திரும்பவும் ஜெயித்தார். இந்தப் போட்டியின் மிக மூத்த சாம்பியன் இன்றுவரை அவர்தான்.

போட்டி சீக்கிரமே ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது. 2000 வரை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. வடக்கே குளிர்காலத்தில் மைதானங்கள் பனியில் மூடிக் கிடக்கும், கிளப் ப்ரோக்களுக்கு அப்போதுதான் ஓய்வு கிடைக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் இது கிட்டத்தட்ட அவர்களுடைய வருடாந்தரக் கூடுகை. எடி வில்லியம்ஸ் 1942, 45, 46 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்ததெல்லாம் வெளியுலகத்துக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் சாம் ஸ்னீட் வந்தார். 1964, 65, 67, 70, 72, 73 என்று ஆறு முறை ஜெயித்தார், இன்றும் அதுதான் சாதனை. கடைசி முறை அவருக்கு வயது 60, ஜெயித்தது 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில். எனக்கு அதைவிட 1965 முக்கியம். அந்த வருஷம் சீனியர் பட்டத்தையும் ஜெயித்துவிட்டு, இளைஞர்கள் ஆடும் டூரில் கிரீன்ஸ்பரோ போட்டியையும் ஜெயித்தார். 52 வயது. டூரில் அதைவிட அதிக வயதில் ஜெயித்தவர் இன்னும் யாருமில்லை. இனி யாராவது ஆறுதல் பரிசு என்று சொன்னால் இந்த ஒரு வருஷத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பணமும் டிவியும் வந்தது அதற்குப் பிறகுதான். 1978-ல் டெக்ஸஸின் ஆஸ்டினில் பழைய ஆட்டக்காரர்களை ஜோடி சேர்த்து லெஜண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப் என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அடுத்த வருஷம் அதன் ப்ளே-ஆஃப் ஆறு குழிகள் நீண்டதை டிவியில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1979 செப்டம்பரில் பாமருக்கு 50 வயது ஆனது. 1980-ல் சீனியர் டூர் பிறந்தது. அந்த வருஷ சீனியர் பி.ஜி.ஏ.வை பாமர் ப்ளே-ஆஃபில் பால் ஹார்னியைத் தோற்கடித்து ஜெயித்தார். அமெரிக்க சீனியர் ஓப்பன் 1980-ல் தொடங்கியபோது வயது வரம்பு 55, மறு வருஷமே அதை 50 ஆக்கினார்கள். பாமர் ஆடலாம் என்றானது, அந்த வருஷமே ஜெயித்தும்விட்டார். ஒரு மனிதருக்காக விதியை வளைத்தார்கள் என்று நான் சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மேலே சொன்ன பீட்டர் தாம்சன் நம் நாட்டுக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். ஐந்து முறை ஓப்பன் ஜெயித்த ஆஸ்திரேலியர். 1964-ல் டெல்லியில் நடந்த முதல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தவர் அவர்தான். 1966, 1976-லும் அதை ஜெயித்தார். 1984-ல் சீனியர் பி.ஜி.ஏ.வை எடுத்த கையோடு, அடுத்த ஆண்டு அமெரிக்க சீனியர் டூரில் ஒன்பது போட்டிகளை அள்ளினார்.

நீங்கள் கேட்ட மூன்று பேர். டாம் வார்கோ இல்லினாய் மாநிலத்தின் சென்ட்ரேலியாவில் ஒரு சின்ன கோல்ஃப் மைதானத்தை நடத்தியவர். யாரிடமும் பாடம் கேட்காமல் தானே கற்றுக்கொண்டவர். 1993-ல் ப்ளே-ஆஃபில் புரூஸ் க்ராம்ப்டனைத் தோற்கடித்தார். தற்செயல் என்று சொல்வதற்குள் அடுத்த வருஷம் பிரிட்டிஷ் சீனியர் ஓப்பனையும் ஜெயித்துவிட்டார். சாப்மன் இங்கிலாந்துக்காரர். ஐரோப்பிய டூரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆடி, ஒரே ஒரு முறை, 2000-ல் பிரேசிலில் ஜெயித்தவர். 2012-ல் 53 வயதில் சீனியர் பி.ஜி.ஏ., அதே கோடையில் கடைசி நாள் லாங்கரைவிட நான்கு ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கி அமெரிக்க சீனியர் ஓப்பன். ஒரே வருஷத்தில் இரண்டையும் அதுவரை ஜெயித்திருந்தவர்கள் மூன்றே பேர்: கேரி பிளேயர், நிக்லஸ், ஹேல் இர்வின். இடோகி 2013-ல் அமெரிக்க மண்ணில் ஆடிய முதல் போட்டியே இதுதான். சீனியர் மேஜர் (மிகப் பெரிய சீனியர் போட்டிகளில் ஒன்று) ஜெயித்த முதல் ஜப்பானியர் ஆகித் திரும்பினார்.

ஒரு விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. 50-ஐத் தொட்ட முதல் மூன்று நான்கு வருஷம்தான் ஒருவருக்கு நல்ல காலம். 51 வயதுக்காரர் 60 வயதுக்காரரோடு ஆடுவது சமமான ஆட்டம் இல்லை. லாங்கர் போன்றவர்கள் விதிவிலக்கு. 2017-ல் இதே போட்டியில் நம் பத்திரிகைகள் சொந்தம் கொண்டாடும் விஜய் சிங்கை ஒரு ஸ்ட்ரோக்கில் முந்தியபோது அவருக்கு 59, சிங்குக்கு 54.

பார்ப்பதற்கு 2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இடம் கென்டக்கியின் வல்ஹாலா. டாம் வாட்சனுக்கு 61 வயது. இரண்டு வருஷம் முன்புதான் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் இளைஞர்களோடு ஆடிய ஓப்பனை ப்ளே-ஆஃபில் பறிகொடுத்திருந்தார். இங்கேயும் ப்ளே-ஆஃப். முதல் குழியிலேயே, பங்கர் என்ற மணல் பள்ளத்திலிருந்து பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டு, பர்டி (அந்தக் குழிக்குக் குறித்த அளவைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவு) எடுத்து முடித்துவிட்டார். எதிரே ஆடியவர் டேவிட் ஈகர். 50 வயதுக்கு முன்னால் ஈகருக்கு வேலை, டூருக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கத்துக்கும் போட்டிகளை நடத்திக்கொடுக்கும் அதிகாரி.