ஸ்கூபா மாஸ்க் போட்டதும் கண் சிவந்தது ஏன்?

கேள்வி: வயது 34. இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5 பவர், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். நான்கு நாள் முன்பு வாடகை மாஸ்க்குடன் முதல்முறையாக ஸ்கூபா டைவிங் செய்தேன். மேலே வந்தபோது வெள்ளைவிழி ரத்தச் சிவப்பாக இருந்தது. இமையைச் சுற்றிச் செம்புள்ளிகள். வலி இல்லை, பார்வையும் தெளிவு. சொந்தமாக மாஸ்க் வாங்கினால் சரியாகுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பயப்பட வேண்டாம். டைவிங் செய்பவர்கள் இதை ‘மாஸ்க் ஸ்குவீஸ்’ என்பார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். கண்ணாடி வளைந்து கொடுக்காது. எனவே கண்ணும் இமைத்தோலும் உறிஞ்சப்பட்டு, நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. இறங்க இறங்க மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை மாஸ்க்குக்குள் விட்டிருந்தால் இது வந்திருக்காது. ஆக, எவ்வளவு நல்ல மாஸ்க் வாங்கினாலும் இந்தப் பழக்கம் வராவிட்டால் மறுபடியும் சிவக்கும்.

சிவப்பு ஓரிரு வாரத்தில் தானாக மறையும். சொட்டு மருந்து வேண்டாம். மறையும்வரை தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கண் வலி, மங்கல், இரட்டையாகத் தெரிவது, விழி முன்தள்ளுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இனி மாஸ்க். மூக்கையும் சேர்த்து மூட வேண்டும், மூக்குப் பகுதி விரலால் பிடிக்கும்படி மென்மையாக இருக்க வேண்டும். கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடியில் மூச்சை உள்ளே விட வழியே இல்லை. ஸ்கூபாவுக்கு அது ஆகவே ஆகாது. நீர்ப்பரப்பில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிட உதவும், முகம் முழுக்க மூடும் ஸ்நார்கெல் மாஸ்க்கும் ஸ்கூபாவுக்கு ஆகாது. கண்ணாடி ‘டெம்பர்டு’ வகையா என்று பாருங்கள். உடைந்தாலும் கூரான சில்லாகச் சிதறாது. உட்புற இடம் குறைவான மாஸ்க்கில் கண்ணாடி விழிக்கு அருகில் வரும்: பார்வை விரியும், அழுத்தத்தைச் சமன்செய்யக் கொஞ்சம் மூச்சே போதும்.

பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, முடியை ஒதுக்கி, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். ரெகுலேட்டரின் (நீருக்குள் மூச்சுவிட உதவும் கருவி) வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை செய்யுங்கள். வாய் அசைந்தால் கன்னத்தின் வடிவம் மாறும், கசிவு அங்கேதான் தொடங்கும். மீசைக்காரர்களுக்கு இது தீராத தொல்லை! கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் சிலிகான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும்.

உங்கள் பவருக்கு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்கில் பவர் லென்ஸ் பொருத்திக்கொள்வதுதான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் அரை பவர் இடைவெளியில் தயாராகவே கிடைக்கும். சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாட்டிசத்துக்கான பவர்) இருந்தால் தனியாகச் செய்ய வேண்டும். கான்டாக்ட் லென்ஸ்தான் என்றால் ஒருநாள் மட்டும் போடும் மென்மையான வகை. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடியபடி வெளியேற்றி, கரைக்கு வந்ததும் லென்ஸை எறிந்துவிடுங்கள். நீரில் ஊறிய லென்ஸ் கருவிழித் தொற்றுக்கு வழி. காற்றுப் புகாத பழைய கடின லென்ஸ் வேண்டாம். மேலேறும்போது அதனடியில் வாயுக்குமிழ் சேர்ந்து கருவிழி வீங்கலாம்.

புது மாஸ்க் பனிப்பதற்குக் காரணம் கண்ணாடியின் உட்புறம் படிந்திருக்கும் மெல்லிய படலம். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள் (பனிக்காமலிருக்கப் பூச்சு பூசிய கண்ணாடியென்றால் கூடாது). இறங்குமுன் நீர்த்த பேபி ஷாம்பு ஒரு சொட்டு தடவி, நன்றாக அலசிவிடுங்கள். மிச்சம் இருந்தால் கண் எரியும்.