தண்ணீர்க் கட்டணம் அலுவலகத்துக்கா, குழாய்க்கா?

கேள்வி: இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருந்தேன். இருந்தும் நிலைக்கட்டணம் வந்திருக்கிறது. தெருவுக்கடியில் போகும் குழாயோ அடிக்கடி உடைகிறது. பணமெல்லாம் நிர்வாகச் செலவுக்கே போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நிலைக்கட்டணத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் குழாயைத் திறக்காவிட்டாலும் உள்ளே அழுத்தம் இருந்தாக வேண்டும், தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். இந்தச் செலவெல்லாம் பயன்பாடு குறைந்தால் குறையாது.

குழாய் உடைவதுதான் கவனிக்க வேண்டியது. தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். எல்லோரும் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பைத்தான் தேடுவார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. பொறியாளர் சம்பளத்தை ஒரு நிறுவனம் திட்டச் செலவில் சேர்க்கும், இன்னொன்று நிர்வாகத்தில் எழுதும்.

நான் முதலில் பார்ப்பது தேய்மானத்தை. குழாய், பம்பு எல்லாம் அந்த ஆண்டில் எவ்வளவு மதிப்பு இழந்தன என்ற கணக்கு அது. அதே ஆண்டில் பழைய குழாய்களை மாற்றச் செலவழித்த தொகையை அதன் பக்கத்தில் வையுங்கள். (புதிய பகுதிகளுக்குப் போட்ட குழாயை இதில் சேர்க்காதீர்கள்.) ஆண்டுக்கு ஆண்டு அது தேய்மானத்தைவிடக் குறைவாக இருந்தால், இருக்கும் சொத்தைக் கரைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். இரண்டும் சமமாக இருந்தாலும் போதாது. தேய்மானம் பெரும்பாலும் பழைய விலையில் போடப்படுகிறது, புதுக் குழாயை இன்றைய விலையில்தான் வாங்க முடியும்.

அப்புறம் கிலோமீட்டர் கணக்கு. 1,000 கி.மீ. குழாயில் ஆண்டுக்கு 5 கி.மீ. மட்டும் மாற்றினால், முழுவதையும் மாற்ற 200 ஆண்டாகும். அத்தனை காலம் தாங்கும் குழாய் அரிது.

நிர்வாகத்தை வெட்டினால் தானாகக் குழாய்க்குப் பணம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மீட்டர் படிப்பவரும் கசிவு தேடுபவரும்கூடச் சில கணக்குகளில் அந்தத் தலைப்புக்குள்தான் இருப்பார்கள். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993-ல் 72% தண்ணீருக்கு வருமானமே இல்லை; கசிந்தோ கணக்கில் வராமலோ போனது. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள், பழைய குழாய்களை மாற்றினார்கள், பாக்கியை வசூலித்தார்கள். 2008-ல் அந்த இழப்பு சுமார் 6% ஆனது. 1,000 இணைப்புக்கு 22 ஊழியர் என்றிருந்தது 4 பேர் அளவுக்கு இறங்கியது. இணைப்புகள் பல மடங்கு பெருகியதே அதற்கு முக்கியக் காரணம்.

சரி, எழுத்தில் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் ஆண்டுவாரியாக எத்தனை கி.மீ. மாற்றினீர்கள், தேய்மானம் எவ்வளவு, வருமானம் இல்லாமல் போகும் தண்ணீர் எத்தனை சதவீதம்? உங்கள் தெருக் குழாய் போட்ட ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.