ஸ்மார்ட் போர்டு ஜெபம் சொன்னா பிள்ளை எப்ப சொல்லும்?

டீச்சர்கிட்ட கேளுங்க – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஆர்.சி. ஸ்கூல், சின்னப் பிள்ளைங்க, போன். 32 வருஷம் ஆர்.சி. தொடக்கப்பள்ளில ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் எடுத்தவ நான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: டீச்சர், என் மக மூணாம் வகுப்பு படிக்கிறா. இந்த வருஷம் அவ கிளாஸுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துருக்கு, சந்தோஷம்தான். ஆனா காலை ஜெபமும் இப்ப அதுலதான் ஓடுது. வீடியோல ஒரு பாப்பா ஜெபம் சொல்லுது, இவங்க நின்னு பாக்குறாங்க. வீட்டுல ராத்திரி ஜெபம் சொல்லுடின்னா "போன்ல போட்டு விடும்மா"ங்கிறா. சிஸ்டர்கிட்ட இதைச் சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு பயமா இருக்கு.
– ஒரு அம்மா, தூத்துக்குடி

பதில்: சொல்லுங்கம்மா, தயங்காம சொல்லுங்க. 45 பிள்ளைங்கள வரிசையில நிறுத்தி சத்தம் இல்லாம வைக்கிறதுக்கு வீடியோ ஈஸியா இருக்குன்னு யாரோ ஒரு டீச்சர் ஆரம்பிச்சுருப்பாங்க, அது அப்படியே பழக்கமாயிருக்கும், யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணிருக்க மாட்டாங்க. ஆனா ஆறு, ஏழு வயசுல ஜெபம்ங்கிறது காதால கேக்குற சமாச்சாரம் இல்ல, வாயி, கை, முட்டி எல்லாம் சேந்து பழகுறது. நெத்தியில கை வச்சு சிலுவை போடும்போது எந்தத் தோளு முதல்லன்னு தடுமாறி, பக்கத்துல நிக்கிறவளப் பாத்துத் திருத்திக்கிட்டுதான் ஒவ்வொரு பிள்ளையும் படிக்குது. வீடியோ பாப்பா தடுமாறாது, இவளும் கையத் தூக்க வேண்டியது இல்ல.

என் கிளாஸ்ல ரோல் நம்பர் படி தினம் ஒரு பிள்ளை முன்னாடி வந்து ஜெபம் ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் ஒருத்தி இருந்தா, கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டா. அவ முறை வந்தப்ப முன்னாடி வந்து நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா, எனக்கே மனசு அடிச்சுக்கிச்சு. அப்ப கடைசி பெஞ்சுல இருந்த ஒரு பையன், அவன் இந்து வீட்டுப் பையன், "பிதா சுதன்"னு மெதுவா எடுத்துக் கொடுத்தான், கிளாஸே சேந்து சொல்லுச்சு, அவ உதடு மட்டும் அசைஞ்சுது. அடுத்த சுத்து வந்தப்ப அவளே ஆரம்பிச்சா, குரல் நடுங்குச்சு ஆனா ஆரம்பிச்சா. ஒருத்தி திணறுனா மத்தவங்க தூக்கி விடணும்ங்கிறத அன்னைக்கு அந்தக் கிளாஸு கத்துக்கிச்சு, நான் பாடம் நடத்தி வந்தது இல்ல அது. ஸ்க்ரீன் ஓடிக்கிட்டு இருந்தா அந்த ஒரு நிமிஷ அமைதியே வந்துருக்காது.

அதுக்காக போர்டே வேணாம்னு சொல்லிராதீங்க. பேதுரு ராத்திரி பூரா வலை வீசி ஒண்ணும் கிடைக்காத கதை நடத்தும்போது அந்த போர்டுல மேப்பைக் காட்டச் சொல்லுங்க. கலிலேயாக் கடல்னு நாம சொல்றது உண்மையில நல்ல தண்ணி ஏரி, 21 கிலோமீட்டர் நீளந்தான், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல கீழ கிடக்குது. மன்னார் வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க அதைப் பாத்து கேக்குற கேள்வி இருக்கே, "அங்க என்ன மீன் கிடைக்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்கும்"னு, ஒரு பீரியட் பத்தாது. அப்புறம் ஒருநாள் யாராவது ஒரு பிள்ளையோட அப்பாவை வலையோட கிளாஸுக்குக் கூப்பிடச் சொல்லுங்க. விடிய விடிய கிடந்து வெறுங்கையோட கரைக்கு வர்றது எப்படி இருக்கும்னு அவர் சொன்னா பிள்ளைங்க மறக்கவே மறக்காது. ஆக சிஸ்டர்கிட்ட "போர்டு பாடத்துக்கு இருக்கட்டும் சிஸ்டர், ஜெபத்தைப் பிள்ளைங்க வாயில விட்டுருங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுல போன் கேட்டா கொடுக்காதீங்க, நீங்க முதல் வரி சொல்லுங்க, மிச்சத்தை அவ சொல்லட்டும்.

கேள்வி: நாங்க இந்துக் குடும்பம். பையன் ரெண்டாம் வகுப்பு, பக்கத்துல இருக்குற ஆர்.சி. ஸ்கூல்ல படிக்கிறான், படிப்பு, ஒழுக்கம் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல தினமும் பைபிள் வசனம், பூசை லிங்க், நவநாள் ஜெப அறிவிப்புன்னு வந்துக்கிட்டே இருக்கு, நடுவுல ஹோம்வொர்க்கைத் தேட வேண்டியிருக்கு. பையன் வீட்டுல விளக்கு முன்னாடி நின்னு "அருள் நிறைந்த மரியே" சொல்றான், எங்கம்மாவுக்கு வருத்தம். ஸ்கூலை மாத்தணுமா?
– ஒரு தகப்பனார், திண்டுக்கல்

பதில்: இதுக்காக ஸ்கூலை மாத்த வேண்டாம் தம்பி. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ வாங்குற எந்தப் பள்ளியிலயும் பெற்றோர் சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையை மத போதனைலயோ வழிபாட்டுலயோ கலந்துக்கச் சொல்லக் கூடாது, நம்ம அரசியல் சாசனம் 28வது பிரிவுலயே இது இருக்கு. நல்லா நடக்குற ஆர்.சி. ஸ்கூல்ல மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்குத் தனியா, மத்தவங்களுக்கு அந்த நேரம் நன்னெறின்னு பிரிச்சுதான் வச்சுருப்பாங்க. உங்க ஸ்கூல்ல எப்படின்னு ஹெச்.எம்.கிட்ட நேர்ல போய்க் கேளுங்க, உங்க விருப்பத்தைச் சொல்லுங்க, அது உங்க உரிமை.

வாட்ஸ்அப் விஷயத்துல தப்பு ஸ்கூல் பக்கம்தான், அதை மழுப்பாம சொல்லிர்றேன். கிளாஸ் குரூப்புங்கிறது எல்லா வீட்டுக்கும் பொது, அதுல ஹோம்வொர்க், லீவு, ஃபீஸ், அவ்வளவுதான் வரணும். நவநாள் அறிவிப்புக்கு அன்பியத்து குரூப் (பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிற குழு) இருக்கு, பங்கு குரூப், அதாவது கோயில் குரூப் இருக்கு, அங்க போடட்டும். விசுவாசத்தை ஃபார்வர்டு மெசேஜா அனுப்பி அனுப்பி வேண்டியவங்களுக்கே சலிச்சுப் போகுது, இது கத்தோலிக்கத்தியா எனக்கும் வருத்தம்தான்.

உங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க. என் ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோல் கொண்டு வந்தது இந்து வீட்டுப் பிள்ளைங்க, பொங்கலுக்குப் பானையில மஞ்சக்கொத்து கட்டுனது கத்தோலிக்கப் பிள்ளைங்க. பையன் விளக்கு முன்னாடி நின்னு கை கூப்புறான்ல, பாட்டி சொல்ற பாட்டு ஒண்ணையும் கூடவே சொல்லிக் கொடுக்கட்டும், ரெண்டையும் அந்தப் பிள்ளை மனசு தாங்கும். 2024 ஜூலை 15ஆம் தேதி கிராமத்து அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கெல்லாம் காலை உணவு கொண்டு வந்தாங்களே, அதைத் தொடங்கி வச்சது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரில புனித அன்னாள் பேர்ல இருக்குற ஒரு ஸ்கூல்லதான். எல்லாப் பிள்ளைங்களும் ஒரே வரிசையில உக்காந்து ஒரே உப்புமாவைச் சாப்பிடுற ஸ்கூல் அமையுறது பெரிய விஷயம் தம்பி.

கேள்வி: பள்ளி விழாவுல பிள்ளைங்க தேவதை வேஷம் போட்ட படத்தையெல்லாம் பேரோட, வகுப்போட ஃபேஸ்புக்ல போடச் சொல்றாங்க. நான் டீச்சர், எனக்கு மனசுக்குச் சரியாப் படல. சொன்னா அட்மிஷனுக்கு விளம்பரம் வேணும்ங்கிறாங்க.
– ஆசிரியை, திருச்சி

பதில்: உங்க மனசு சரியாதான் சொல்லுது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க எல்லாரும் குழந்தைங்கதான், அவங்க தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம்தான் அடிப்படை. வருஷ ஆரம்பத்துலயே ஒரு பேப்பர்ல பெற்றோர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, வேணாம்னு சொன்ன வீட்டுப் பிள்ளை படம் போகவே கூடாது. சரின்னு சொன்னாலும் பேரும் வகுப்பும் சேத்துப் போடாதீங்க, தூரத்துல இருந்து எடுத்த குரூப் போட்டோ போதும். விளம்பரம்னு பேச்சு வந்தா, திருவிழா அன்னைக்கு அந்தப் படங்களை பிரிண்ட் போட்டு ஸ்கூல் வராண்டாவுல கயித்துல தொங்க விடுங்க, ஊரே வந்து பாக்கும், பெத்தவங்க பக்கத்துல நின்னு நாலு வார்த்தை பேசுவாங்க.

கேள்வி: என் பேரனுக்கு 8 வயசு. அன்பியத்துல ஜெபமாலை சொல்லும்போது மூலையில உக்காந்து கேம் விளையாடுறான். கண்டிச்சா "கார்லோ அக்குதிஸ் கம்ப்யூட்டர் பாத்துதான் புனிதர் ஆனாரு, ஸ்கூல்ல சொன்னாங்க"ங்கிறான். பதில் சொல்லத் தெரியல டீச்சர்.
– ஒரு பாட்டி, நாகப்பட்டினம்

பதில்: பாட்டி, அவன் சொன்னதுல பாதி சரி, மீதிப் பாதியை ஸ்கூல்ல சொல்லாம விட்டுட்டாங்க, அதை நீங்க சொல்லிக் கொடுங்க.

கார்லோ 1991ல லண்டன்ல பிறந்து இத்தாலியில மிலான் நகரத்துல வளந்த பையன். கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன், நற்கருணை (பூசையில கொடுக்குற அப்பம்) அற்புதங்களைத் தொகுத்து ஒரு வெப்சைட் பண்ணான். 2006 அக்டோபர் 12ஆம் தேதி ரத்தப் புற்றுநோய்ல இறந்தப்ப அவனுக்கு வயசு 15. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி திருத்தந்தை 14ஆம் லியோ அவனைப் புனிதரா அறிவிச்சாரு. இவ்வளவும் உங்க பேரனுக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா, கார்லோகிட்ட பிளேஸ்டேஷன் இருந்துச்சு, ஆனா வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்னு அவனே அவனுக்கு எல்லை வச்சுக்கிட்டான். நாளைக்கு இல்ல பாட்டி, வாரத்துக்கு. தினம் பூசைக்குப் போனான், ஜெபமாலை சொன்னான், தெருவுல படுத்துக் கிடக்குறவங்களுக்கு சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தான், ஸ்கூல்ல மத்தவங்க சீண்டுற பிள்ளைங்க பக்கம் போய் நின்னான். கம்ப்யூட்டர் அவன் கையில இருந்துச்சு, அவன் கம்ப்யூட்டர் கையில இல்ல. "கார்லோ மாதிரி இருக்கணும்னா சரிப்பா, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உனக்கு, மத்த நாளு இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கூட 5ல இருந்து 10 வயசு வரைக்கும் பொழுதுபோக்குக்கு ஸ்க்ரீன் பாக்குறது நாளுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கணும்ங்குது, அதை உச்சவரம்பா வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்பியத்துல பெரியவங்க ஜெபமாலையோட 53 மணியும் உருட்டி முடிக்கிற வரைக்கும் அந்த 8 வயசுப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்தோம்? வேலை இல்லாத பிள்ளைதான் போனை எடுக்கும். ஒரு பத்து மணியை அவன் சொல்லட்டும், மெழுகுவத்தி அவன் ஏத்தட்டும், முடிஞ்சதும் சுண்டலை அவன் கையால எல்லாருக்கும் கொடுக்கட்டும். கூட்டம் தொடங்கும்போது ஒரு கூடையில எல்லாரும் போனைப் போட்டுருங்க, பெரியவங்க போனு முதல்ல போகணும், மணி அடிச்சா நாமளும்தான எடுத்துப் பாக்குறோம்.

கேள்வி: டெக்னாலஜியே சாத்தானோட வேலைன்னு எங்க ஊருல ஒரு பெரியவர் சொல்றாரு. சரியா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அய்யாகிட்ட மரியாதையா சொல்லுங்க, அச்சு இயந்திரம் அன்னைக்குப் புத்தம் புது டெக்னாலஜி. நம்ம தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம், 1578ல கொல்லத்துல அச்சாச்சு, பண்ணினது அன்றீக்கே அன்றீக்கஸ்ங்கிற சேசு சபைப் பாதிரியார், தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களுக்காக. அதுல இருந்ததும் ஜெபமும் ஞானோபதேசமும்தான். ஆனா புத்தகம் வந்த பிறகும் பிள்ளைக்கு அதை வாசிச்சுக் காட்ட உபதேசியாரு வேணும், கோயில் வேலையைப் பாக்குற கோயில் பிள்ளை வேணும், பாட்டி வேணும். அந்த ஆளை இல்லாமப் பண்ணுற அளவுக்கு மெஷின் வந்தா அப்ப நானும் அய்யா பக்கம் நிப்பேன்.

கேள்வி: நான் குவைத்துல வேலை பாக்குறேன். மகன் கன்னியாகுமரி பக்கம் ஆர்.சி. ஸ்கூல்ல மூணாம் வகுப்பு, வர்ற மே மாசம் புதுநன்மை (முதல் தடவையா நற்கருணை) வாங்குறான். எனக்கு லீவு கிடைக்கல. கோயில்ல போன் கூடாதுங்கிறாங்க. வீடியோ கால்ல பாக்க ஆசைப்படுறது தப்பா டீச்சர்?
– ஒரு அப்பா, குவைத்

பதில்: தப்பே இல்லப்பா. உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன், எங்க ஸ்கூல்ல இப்படி எத்தனை பிள்ளைங்க, அப்பா எங்கன்னு கேட்டா போனைக் காட்டும்.

புதுநன்மை மாதிரி அருட்சாதனம் எதுவும் இணையத்துல கிடையாதுன்னு 2002லயே வத்திக்கான் தெளிவா சொல்லிருச்சு, அதனால நீங்க ஸ்க்ரீன்ல பாக்குறது அங்க நிக்கிறதுக்குச் சமம் ஆகாது, அந்த வலி வலியாத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். கோயில்ல போன் கூடாதுங்கிறதும் நியாயம்தான், இல்லன்னா 60 பேரு போனைத் தூக்கிட்டு பீடத்துக்கு முன்னாடி வந்து நிப்பாங்க, பிள்ளைங்க இயேசுவைப் பாக்காம கேமராவைப் பாக்கும். ஆனா பங்குச் சாமிகிட்ட முன்கூட்டியே பேசி, வெளிநாட்டுல இருக்குற அப்பாமாருக்காக ஓரமா ஸ்டாண்டு போட்டு ஒரே ஒரு போன்ல லைவ் கொடுக்க முடியுமான்னு கேளுங்க, உங்கள மாதிரி நாலஞ்சு குடும்பமாவது அந்தப் பங்குல கட்டாயம் இருக்கும், சேந்து கேட்டா எந்தச் சாமியும் முடியாதுன்னு சொல்ல மாட்டாரு.

அதை விடப் பெருசு அதுக்கு முன்னாடி இருக்குற நாட்கள். இங்க ராத்திரி எட்டு மணின்னா உங்களுக்கு சாயந்தரம் அஞ்சரை. டூட்டி முடியுற நேரமா இருந்தா தினம் ஒரு பத்து நிமிஷம் வீடியோ கால்ல வாங்க, மார்க்கு, குறும்பு எதைப் பத்தியும் கேக்காதீங்க, புதுநன்மைக்கு அவன் மனப்பாடம் பண்ற ஜெபத்தை உங்ககிட்ட ஒப்பிக்கட்டும். நீங்க பாதி, அவன் பாதி. அவன் தப்பா சொன்னா நீங்க எடுத்துக் கொடுங்க, நீங்க மறந்துட்டா அவன் எடுத்துக் கொடுப்பான், அதுல அவனுக்கு வர்ற சந்தோஷத்தைப் பாருங்க. அன்னைக்கு அவன் கையில பிடிக்கிற மெழுகுவத்தியை மட்டும் நீங்க அங்க கடையில வாங்கி, ஊருக்கு வர்ற யார்கிட்டயாவது கொடுத்து விடுங்க.