யோகா பயில இந்தியாவுக்குப் போகலாமா? மலையக வாசகர்களின் கேள்வி பதில்

வீட்டில் தினமும் யோகா செய்துவருபவர்கள், அதை ஆழப்படுத்த வெளிநாடு போவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்குப் பண்டாரவளையில் யோகா கற்பிக்கும் ஆசிரியை பதில் தருகிறார்.

ஹட்டன்: டீச்சர், லயத்து அறையில்தான் தினமும் விடியற்காலையில் பயிற்சி செய்கிறேன். இந்தியாவில் எங்கே போவது? மைசூரா, ரிஷிகேஷா?

தம்பி, எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடம் தானாகத் தெரியும்.

உங்கள் பயிற்சியை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த வேண்டுமானால் சென்னைக்குப் போங்கள். மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், 1989இல் மறையும்வரை பிற்காலம் முழுவதையும் சென்னையில்தான் கழித்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அங்கே இருக்கிறது. ஆளுக்கேற்றபடி பயிற்சியை அமைத்துத் தருவதுதான் அவர்கள் வழி. மூட்டில் எங்கே பிடிக்கிறது, மூச்சு எங்கே தடைப்படுகிறது என்பதைத் தாய்மொழியிலேயே சொல்ல முடிவது பெரிய வசதி.

ஆசிரம ஒழுங்கு வேண்டுமானால் கேரளத்தில் நெய்யாறு அணைக்கட்டு அருகிலுள்ள சிவானந்த ஆசிரமம். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். நாளுக்கு இரண்டு ஆசன வகுப்பு, இரண்டே வேளைச் சாப்பாடு. ஆசனங்களை ஒரே வரிசையில் தொடர்ந்து செய்யும் பட்டாபி ஜோயிஸ் வழி அஷ்டாங்கம் செய்பவர்களுக்கு மைசூர். புனேயிலுள்ள பி.கே.எஸ். ஐயங்காரின் யோகா நிறுவனத்துக்கு, அவருடைய முறையில் பல வருடம் பயின்ற பிறகே விண்ணப்பிக்கலாம். ரிஷிகேஷில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெருவுக்குத் தெரு பள்ளி. தெரிந்தவர் யாரும் சொல்லாமல் அங்கே முன்பணம் கட்டாதீர்கள்.

மஸ்கெலியா: 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்குமா?

அந்த 200 மணி நேரக் கணக்கு, அமெரிக்காவிலுள்ள யோகா அலையன்ஸ் என்ற பதிவு அமைப்பு வைத்த அளவுகோல். அது அரசாங்கப் பட்டம் அல்ல. சில ஹோட்டல்கள் கேட்கும். அதற்காக மட்டும் கடன் வாங்கிப் போகாதீர்கள்.

பதுளை: அக்கா, அம்மா கொழுந்து பறிக்கிறார். கழுத்து வலி. தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் எனக்கு நன்றாக வருகிறது, அம்மாவுக்கும் சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம், தங்கச்சி. தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் கூடாது. உங்கள் அம்மாவின் தலையில் நாள் முழுவதும் கூடைக்கயிறு இழுக்கிறது. கொழுந்து நிறைய நிறைய அந்தப் பாரத்தைக் கழுத்துதான் தாங்குகிறது. சரிவில் நிற்பதால் தலை வேறு முன்னால் நீண்டுகொள்கிறது. அந்தக் கழுத்தை மடக்கி அதன்மேல் உடம்பை நிறுத்துவது ஆபத்து.

மாலையில் வந்ததும் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால்கள் நாற்காலிமேல் இருக்கட்டும். தலைக்கடியில் மடித்த சேலை, முகவாய் லேசாகத் தாழ்ந்திருக்கும் உயரத்துக்கு. மூச்சை வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். கை மரத்துப்போனாலோ விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ யோகாவை விட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நாவலப்பிட்டி: எந்த விசா எடுக்க வேண்டும்?

குறுகிய காலப் பயிற்சிக்கு இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் இடமுண்டு. சான்றிதழ் தரும் படிப்பானால், பணம் கட்டுமுன் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள்.

எல்ல: உலகமே யோகா செய்ய எங்கள் ஊருக்கு வருகிறது. 1950களில் சச்சிதானந்த சுவாமிகள் கண்டியில் ஆசிரமம் நடத்தினார். நாம் ஏன் கடல் தாண்ட வேண்டும்?

சச்சிதானந்தரைப் பற்றிச் சொன்னது உண்மை. கண்டியிலிருந்த அவர்தான் பின்னர் அமெரிக்கா போய், 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசினார். ஆனால் எல்லவில் இப்போது நடக்கும் முகாம்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கானவை. நான் போகச் சொல்வது ஓர் ஆசிரியரின் கண்ணுக்காக. பத்மாசனத்தில் உட்காரும்போது இடுப்பு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கி நீளத்தான் அதற்குத் தெரியும். பாதத்தைக் கையால் இழுத்துத் தொடைமேல் வைக்கிறவருக்கு இது தெரியாது. எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும்.

தலவாக்கலை: இதெல்லாம் வசதி படைத்தவர்கள் பேச்சு. நாட்சம்பளக்காரன் விமான டிக்கெட் எடுப்பானா?

இந்தக் கோபம் நியாயமானது. பயணம் இல்லாமலும் பயிற்சி வளரும். நாள் தவறாமல் செய்பவர்களைத் தோட்டங்களில் பார்க்கிறேன். அதனால் போக முடிகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: திரும்பி வந்ததும் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ வாரம் ஒரு நாளாவது காசில்லாமல் கற்றுக்கொடுங்கள். நகரத்து ஹோட்டலோடு நின்றுவிடாதீர்கள்.

எல்ல (மீண்டும்): அப்படியானால் ஆசிரியரையே இங்கு வரவழைக்கலாமே?

நல்ல யோசனை. ஓர் ஆசிரியரின் பயணச் செலவை இருபது பேர் பகிர்ந்துகொள்ளலாம். தலவாக்கலை நண்பரும் நீங்களும் சேர்ந்து தொடங்குங்கள். இடம் பார்த்துத் தருவது என் பொறுப்பு.

கொட்டகலை: எந்தச் சான்றிதழ் நல்லது?

மஸ்கெலியா நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கம்பளை: எனக்கு ஆசனம் வேண்டாம், தியானம் மட்டும்.

விமானமே தேவையில்லை. பேராதனைக்கு அருகே ஹிந்தகலையில் தம்ம கூடம் என்ற தியான நிலையம் இருக்கிறது. பத்து நாள் விபாசனா தியானம், கட்டணம் கிடையாது. அந்தப் பத்து நாளும் ஆசனப் பயிற்சியை நிறுத்திவைக்கச் சொல்வார்கள்.

வெலிமடை: ஆன்லைனில் சான்றிதழ் எடுத்தால்?

சான்றிதழ் பற்றி இதுதான் கடைசிப் பதில்: உங்கள் முழங்காலைப் பார்க்காதவர் தரும் தாளை நம்பி இன்னொருவர் முழங்காலைத் தொடாதீர்கள்.

நுவரெலியா: மே மாதம் சென்னை போகலாமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் குளிரில் பயின்ற உடம்பு, கத்திரி வெயிலில் முதல் வாரமே சோர்ந்துவிடும். வெப்பத்தில் தசை சீக்கிரம் இளகும்; அதை நம்பி அதிகமாக வளைந்தால் காயம்தான். டிசம்பர், ஜனவரியில் போங்கள்.