உங்களைப் பற்றிய அவதூறுப் பதிவுக்கு எதிராகக் கேஸ் ஜெயித்தும் அதன் ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறதா?

உத்தரவு பெரும்பாலும் நீங்கள் பிரதிவாதியாகச் சேர்த்தவரைத்தான் கட்டுப்படுத்தும். பகிர்ந்த முகம் தெரியாத கூட்டம் அதில் வராது. அசல் பதிவு போயிருக்கும், இப்போது ஓடுவது நகல்கள்.

லாக் அவுட் செய்து, பிரைவேட் விண்டோவில் உங்கள் பெயரைத் தேடுங்கள். வருகிற ஒவ்வொன்றையும் முழு லிங்க், தேதி, கணக்குப் பெயர் தெரிகிற மாதிரி சேமியுங்கள். பிறகுதான் ரிப்போர்ட், தீர்ப்பு நகலோடு. அவசரப்பட்டால் ஆதாரமும் சேர்ந்து மறைந்துவிடும்.

தேடல் முடிவிலிருந்து நீக்கக் கேட்பது தனி வேலை. கூகுள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தந்த உரிமைகூடத் தேடல் பட்டியலோடு சரி. மூலப் பக்கம் அப்படியே இருக்கும்.

கமெண்ட்டில் மட்டும் விளக்கம் சொல்லப் போகாதீர்கள் (கை துறுதுறுக்கும், தெரியும்). ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவை இன்னும் நாலு பேரிடம் கொண்டுபோகும்.